ஆய்வகக் கோட்டைக் கழற்றிவிட்டு மென்பொருள் வேலைக்கு: ஓர் எம்.எஸ்சி. வேதியியல்காரனின் முழு வழிகாட்டி

மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் நாலு வருடம் இருந்தேன். இரவு ஷிஃப்டில், மருந்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி தன்பாட்டுக்கு ஒவ்வொரு குப்பியாக உறிஞ்சி ஓடிக்கொண்டிருக்கும். நான் முந்தின பேட்ச்சின் எண்களை எக்செல்லில் ஒட்டி, சராசரியும் விலகலும் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு நாற்பது நிமிடம் ஆகும். ஒரு விடுமுறை நாளில், வீட்டில், கற்பனை எண்களை வைத்து அதே கணக்கைப் பைதான் என்ற நிரல் மொழியில் இருபது வரியாக எழுதிப் பார்த்தேன். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் கேன்டீனில் சூப்பர்வைசரிடம் பெருமையாகச் சொன்னேன். “நல்லா இருக்குப்பா. ஆனா வேலிடேட் பண்ணாத ஸ்கிரிப்ட உள்ள கொண்டு வந்துடாத, ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்” என்றார்.

வேலிடேட் என்றால், ஒரு நிரல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று சோதித்து ஆவணத்தோடு நிரூபிப்பது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அது ஏன் சரி என்று எனக்கு உறைத்த பிறகுதான் மென்பொருள் வேலை கிடைத்தது. நடுவில் ஒன்றே கால் வருடம் போயிற்று. அந்த ஒன்றே கால் வருடத்தில் எதைச் செய்திருக்கலாம், எதைச் செய்யாமல் இருந்திருக்கலாம் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வேதியியல், இயற்பியல், உயிர்த்தொழில்நுட்பம், கணிதம் எதுவாக இருந்தாலும் இது பொருந்தும். உதாரணங்கள் மட்டும் என் ஆய்வக வாசனையோடு இருக்கும்.

“படிச்ச படிப்பை விட்டுட்டு எங்கே போறே?” என்று வீட்டில் கேட்பார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, உயிரியல் படிக்க மறுபடியும் மாணவராகப் போய் உட்கார்ந்தவர். 2009இல் அவருக்கு நோபல் கிடைத்தது வேதியியலுக்கு. எங்கள் வீட்டில் இந்தக் கதை எடுபட்டது. உங்கள் வீட்டுக்கு எது எடுபடுமோ, பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: ராஜினாமா வேண்டாம், முதலில் நாற்பது நாள்

கோபத்தில் வேலையை விட்டுவிட்டுப் படிக்க உட்காருவது நம்மில் பலர் செய்யும் முதல் தவறு. கையில் காசு குறையக் குறைய பொறுமையும் குறையும், மூன்றாவது மாதமே கிடைத்ததைப் பிடிக்கத் தோன்றும். அதற்குப் பதில், வேலையில் இருந்துகொண்டே நாற்பது நாள், தினம் ஒன்றரை மணி நேரம் நிரல் எழுதிப் பாருங்கள். வீடியோ பார்ப்பது கணக்கில் சேராது, விரல் தட்டச்சில் இருக்க வேண்டும்.

நாற்பது நாள் முடிவில் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். நிரல் ஓடாமல் சிவப்பு எழுத்தில் பிழை காட்டும்போது எரிச்சல் வருகிறதா, அல்லது ‘எங்கே தப்பு’ என்று தோண்டத் தோன்றுகிறதா? இரண்டும் வரும், அது இயல்பு. ஆனால் இரண்டாவது ஒரு நாளும் வரவில்லை என்றால், நண்பனின் சம்பளத்தைப் பார்த்து மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள். மென்பொருள்காரனின் பகல் பொழுது பெரும்பாலும் அந்தச் சிவப்பு எழுத்தோடுதான் கழியும்.

சம்பளக் கணக்கையும் அப்போதே போட்டுவிடுங்கள். மற்ற நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்து தரும் பெரிய சேவை நிறுவனங்களில் புதியவருக்கான சம்பளம் வருடத்துக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்ற அளவிலேயே பல வருடங்களாக நிற்கிறது. ஆய்வகத்தில் நாலைந்து வருடம் தேய்ந்தவருக்கு இது சம்பள உயர்வாக இருக்காது, குறையவும் கூடும். எனக்குக் குறைந்தது. ஒன்றரை வருடம் கழித்துத்தான் பழைய இடத்துக்கு வந்தேன்.

படி 2: எந்த நாற்காலி என்று முடிவு செய்யுங்கள்

‘ஐடி வேலை’ என்று ஒரு வேலை கிடையாது. டெவலப்பர், டெஸ்டர், சப்போர்ட், டேட்டா அனலிஸ்ட் என்று நாற்காலிகள் வேறு வேறு. இந்தக் கட்டுரை டெவலப்பர் நாற்காலிக்கானது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: டெஸ்டிங்கில் நுழைந்து பிறகு டெவலப்மென்ட்டுக்கு மாறுவது நடக்கிற காரியம். சப்போர்ட்டில் நுழைந்து மாறுவது அதைவிடக் கடினம், இரவு ஷிஃப்டும் வாடிக்கையாளர் புகார் டிக்கெட்டும் உங்கள் நேரத்தைத் தின்றுவிடும். எல்லாரும் டேட்டா சயின்ஸ் என்கிறார்களே என்று அங்கே நேராகக் குதிப்பதும் எனக்கு உவப்பில்லை. புதியவர்களுக்கான இடம் அங்கே குறைவு. புள்ளியியல் படித்தவர்கள் விதிவிலக்கு.

படி 3: ஒரு மொழி, ஒரு தரவுத்தளம், ஒரு நோட்டுப் புத்தகம்

மொழி ஒன்று போதும். அறிவியல்காரர்களுக்குப் பைதான் சுலபமாகப் பிடிபடும். காரணம், அதன் கருவிகள் பலவற்றை உருவாக்கியதே நம் ஆட்கள்தான். வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப்பை எழுதிய ஜான் ஹன்டர் ஒரு நரம்பியல் ஆய்வாளர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின் பதிவுகளைப் பார்க்க அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. நிரலை எழுதி அங்கேயே ஓட்டிப் பார்க்க உதவும் ஜூபிட்டராக இன்று வளர்ந்து நிற்கும் ஐபைதானை 2001இல் தொடங்கிய ஃபெர்னாண்டோ பெரெஸ் அப்போது இயற்பியல் ஆராய்ச்சி மாணவர். ஆனால் நீங்கள் குறிவைப்பது சேவை நிறுவனங்கள் என்றால் ஜாவாவுக்குத்தான் இடம் அதிகம். எதையாவது ஒன்றைத் தொடங்கி ஆறு மாதம் மாற்றாமல் இருங்கள். நான் மூன்று முறை மாற்றினேன், நாலு மாதம் வீண்.

தரவுத்தளம் என்றால் எஸ்க்யூஎல், அதாவது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி. இதை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளாதீர்கள். நான் போன இன்டர்வியூக்களில் ஜாயின் (அட்டவணைகளை இணைத்துப் பார்ப்பது) கேட்காத இன்டர்வியூ ஒன்றுகூட இல்லை. ஒரு மாதிரிக்குப் பல சோதனைகள், ஒவ்வொரு சோதனைக்கும் பல முடிவுகள் என்ற நம் ஆய்வகப் பதிவேட்டையே மூன்று அட்டவணைகளாகப் பிரித்து வைத்துப் பழகுங்கள். ஜாயின் தானாக மண்டையில் ஏறும்.

மூன்றாவது, நோட்டுப் புத்தகம் என்று நான் சொன்ன கிட். நிரலில் செய்யும் மாற்றங்களை வரிசையாகப் பதிவு செய்துவைக்கும் கருவி. இதைக் கணினிக்காரர்கள் குழப்பிச் சொல்லிக்கொடுப்பார்கள். நமக்கு அது ஏற்கெனவே தெரிந்த விஷயம். ஆய்வகக் குறிப்பேட்டில் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தப்பை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். கிட் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஒவ்வொரு கமிட்டும் தேதி போட்ட ஒரு பதிவு.

எங்கே படிப்பது? ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைதான் வழித் தரவமைப்பு பாடம் இருக்கிறது, பார்க்கக் காசு வேண்டாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும்தான் கட்டணம். ஆங்கிலம் தடுக்கினால் கணியம் அறக்கட்டளை தமிழிலேயே இலவச மின்னூல்கள் வைத்திருக்கிறது. எந்தப் பாடத்தை எடுத்தாலும் பாதியில் நிறுத்தி, அந்தப் பாதியை வைத்து எதையாவது கட்டிப் பார்த்துவிட்டு மீதிக்குப் போங்கள்.

பட்டம் ஒன்று தேவையா? எல்லாருக்கும் இல்லை. தேவை என்று தோன்றினால் மூன்று வழிகள். ஒன்று, எம்சிஏ. இப்போது இரண்டு வருடம்தான், பன்னிரண்டாம் வகுப்பிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் இருந்ததா என்று பல இடங்களில் கேட்பார்கள். தமிழ்நாட்டில் டான்செட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் நடத்தும் ஆறு மாத முதுகலை டிப்ளமோ. இயற்பியல், கணித முதுகலைக்கு அதில் வழி உண்டு. வேதியியல்காரர்கள் தகுதி வரிகளைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மூன்று, சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழி பிஎஸ் தரவு அறிவியல் படிப்பு. வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம், இடையில் டிப்ளமோவோடு வெளியேறவும் வழி இருக்கிறது. நான் எதையும் எடுக்கவில்லை. முப்பது வயதைத் தாண்டியிருந்தால் எம்சிஏவுக்காக இரண்டு வருடம் செலவழிப்பதை ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பேன்.

படி 4: ஒரே ஒரு புராஜெக்ட், ஆனால் உங்களுடையது

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் புதியவர்களின் பக்கங்களைத் திறந்தால் கால்குலேட்டர், வானிலை ஆப், செய்ய வேண்டியவை பட்டியல், சினிமா டிக்கெட் புக்கிங். எல்லாம் ஒரே வீடியோவைப் பார்த்துச் செய்தவை. இன்று நானும் இன்டர்வியூ எடுக்கும் பக்கம் உட்காருகிறேன். அந்தப் பெயர்களைப் பார்த்ததும் கண் தானாக அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

உங்கள் பழைய வேலையில் கையால் செய்து சலித்த ஒரு காரியத்தை எடுங்கள். என்னுடையது இது: கருவி தரும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எண் பட்டியல்) படித்து, அளவுத்திருத்தக் கோடு போட்டு, மாதிரிகளின் செறிவைக் கணக்கிட்டு, அறிக்கை தருவது. கம்பெனியின் தரவு ஒன்றையும் தொடவில்லை, எல்லாம் நானே உருவாக்கிய எண்கள். இதைக் கவனமாகப் பின்பற்றுங்கள். பழைய நிறுவனத்தின் கோப்பை வெளியே கொண்டுவருவது ஒப்பந்த மீறல். அதைப் பொதுவில் போட்டுவைத்திருக்கும் ஆளை எந்தப் புது நிறுவனமும் நம்பாது.

முதல் பதிப்பு இரண்டாவது கோப்பிலேயே செத்துவிட்டது. கோப்பில் எண் இருக்க வேண்டிய கட்டத்தில் ‘பிடிஎல்’ என்று எழுத்து வைத்திருந்தேன், அதாவது கண்டறியும் எல்லைக்குக் கீழே. நிஜ அறிக்கைகளில் அது சகஜம். பைதான் அதை எண்ணாக மாற்ற முடியாது என்று பிழை காட்டி நின்றது. இணையத்தில் தேடினேன், ‘எழுத்து வந்தால் சுழியம் போடு’ என்று ஒரு பதில். போட்டேன், ஓடியது. முடிவைப் பார்த்ததும் நெருடியது. மதிப்புகள் 4.2, 4.0, பிடிஎல், 4.1. சுழியம் போட்டால் சராசரி 3.075. அந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் 4.1. இரண்டு எண்ணும் இரண்டு வெவ்வேறு கதை சொல்கின்றன, இரண்டுமே முழு உண்மை இல்லை. ‘இல்லை’ என்பது வேறு, ‘என் கருவிக்குத் தெரியவில்லை’ என்பது வேறு. அதை வேதியியல்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியில் நிரலை இப்படி மாற்றினேன்: பிடிஎல் மதிப்பைத் தனியாகக் குறித்துவைக்கும், சராசரியில் தானாகச் சேர்க்காது, எத்தனை மதிப்புகள் விடுபட்டன என்று அறிக்கையின் தலையிலேயே எழுதும், என்ன செய்வது என்பதைப் பயன்படுத்துபவரிடம் கேட்கும். மொத்தம் பதினைந்து வரி மாற்றம்தான். எனக்கு வேலை வாங்கித் தந்தது இந்தப் பதினைந்து வரி என்று இன்றும் நம்புகிறேன். இன்டர்வியூவில் முக்கால் மணி நேரத்தில் இருபது நிமிடம் இதைப் பற்றியே பேசினோம்.

சோதனை எழுதுவதையும் இதே புராஜெக்டில் பழகுங்கள். யூனிட் டெஸ்ட் என்றதும் மிரள வேண்டாம். எச்பிஎல்சியில் மாதிரியை ஓட்டுவதற்கு முன் தெரிந்த ஸ்டாண்டர்டை ஐந்தாறு முறை செலுத்தி, விலகல் 2 சதவீதத்துக்குள் வருகிறதா என்று பார்ப்போமே, அதே எண்ணம்தான். விடை தெரிந்த ஒன்றை உள்ளே கொடு, அதே விடை வெளியே வருகிறதா பார். காலியான கோப்பு, ஒரே வரி உள்ள கோப்பு, எல்லாமே பிடிஎல்லாக உள்ள கோப்பு என்று மூன்று நாலு சோதனைகள் போதும். புதியவர்களின் புராஜெக்டில் சோதனைக் கோப்பு இருப்பதே அபூர்வம், இருந்தால் உடனே கண்ணில் படும்.

மற்றவர்களுக்கு: உயிரியல் படித்தவர்கள் எக்செல் கெடுத்த மரபணுப் பெயர்களைத் திருத்தும் கருவி எழுதலாம். செப்டம்பர், மார்ச் என்று ஒலித்த மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் பெயரிடும் குழுவே மரபணுக்களின் பெயரை மாற்றிவிட்டது, தெரியுமா? மென்பொருளின் ஓர் அசட்டுத்தனத்துக்கு அறிவியல் வளைந்து கொடுத்த கதை அது. இயற்பியல்காரர்கள் எம்.எஸ்சி. செய்முறையில் கையால் வரைந்த ஏதாவது ஒரு வரைபடத்தை, பிழை எல்லைகளோடு, இணையத்தில் யாரும் எண் கொடுத்துப் போடக்கூடிய பக்கமாக்கலாம். கல்லூரித் தம்பி தங்கைகள் பயன்படுத்தினால் அதைவிட நல்ல சான்று வேறில்லை.

ஏஐ கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் உங்கள் புராஜெக்டில் உங்களால் விளக்க முடியாத ஒரு வரிகூட இருக்கக் கூடாது. நான் இன்டர்வியூ எடுக்கும்போது செய்வது இதுதான்: ஏதோ ஒரு கோப்பைத் திறந்து, நடுவில் ஒரு வரியைக் காட்டி, “இதை எடுத்துட்டா என்ன ஆகும்?” என்பேன். எழுதியவர் யோசித்துவிட்டுச் சொல்வார். ஒட்டியவர் சிரிப்பார்.

படி 5: பக்கத்து வாசல்

ஆரம்பத்தில் நான் என் ஆய்வக வருடங்களை மறைக்கப் பார்த்தேன். ரெஸ்யூமேயில் ‘பைதான் டெவலப்பர்’ என்று பெரிதாகப் போட்டு, நாலு வருட வேலையை ஒரே வரியில் சுருக்கினேன். நாற்பத்திச் சொச்சம் விண்ணப்பங்கள், இரண்டு பதில்கள், இரண்டும் பணம் கேட்ட பயிற்சி மையங்கள். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். வெறும் டெவலப்பராகப் போட்டியிட்டால் எனக்கு எதிரே நிற்பது நாலு வருடம் கணினியே படித்த இருபத்திரண்டு வயது. அந்த ஓட்டத்தில் நான் ஏன் ஜெயிக்க வேண்டும்?

ஆய்வகங்களுக்கென்றே மென்பொருள் எழுதும் உலகம் ஒன்று இருக்கிறது. மாதிரி வந்த நிமிடத்திலிருந்து அறிக்கை கையெழுத்தாகும்வரை தடம் பிடிக்கும் லிம்ஸ் அமைப்புகள், எச்பிஎல்சி போன்ற கருவிகள் வரையும் குரோமடோகிராம் தரவைச் சேமிக்கும் அமைப்புகள், மின் குறிப்பேடுகள். லேப்வேர், லேப்வான்டேஜ், வாட்டர்ஸின் எம்பவர் என்ற பெயர்கள் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு அன்றாடம் திறந்த திரைகள். இவற்றை உருவாக்குகிறவர்கள், நிறுவித் தருகிறவர்கள், வேலிடேட் செய்கிறவர்கள் எல்லாருக்கும் ஆள் வேண்டும். பெரிய சேவை நிறுவனங்களிலும் மருந்து, உயிரியல் துறை வாடிக்கையாளர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கும்.

அங்கே நம் மதிப்பு என்ன என்று ஓர் உதாரணம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் மின் பதிவு விதி ஒன்று இருக்கிறது, 21 சிஎஃப்ஆர் பகுதி 11 என்பார்கள், 1997இல் வந்தது. அமெரிக்காவுக்கு மருந்து அனுப்பும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது சுவரில் ஒட்டிய காகிதம். அதன்படி ஒரு முடிவைத் திருத்தினால் பழைய மதிப்பு அழியக் கூடாது, யார், எப்போது மாற்றினார் என்பது தானாகப் பதிவாக வேண்டும். ஏன் மாற்றினாய் என்ற காரணத்தையும் ஆய்வகத்தில் கேட்டுப் பதிவு செய்வோம். கணினி படித்த பையனிடம் ‘முடிவைத் திருத்தும் வசதி எழுது’ என்றால், அட்டவணையில் பழைய எண்ணின் மேல் புது எண்ணை எழுதிவிடுவான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நீங்களோ, பழைய வரியைத் தொடாமல் புது வரி சேர்ப்பீர்கள், ஒவ்வொன்றிலும் பெயரும் நேரமும் காரணமும் இருக்கும். ஆடிட்டர் முன்னால் வியர்த்த அனுபவம் உங்களுக்கு உண்டு.

என் சூப்பர்வைசர் கேன்டீனில் சொன்னது இதைத்தான். அந்த இருபது வரி ஸ்கிரிப்டில் ஆடிட் ட்ரெய்ல் இல்லை, அதாவது யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் இல்லை, சோதனை இல்லை, எந்தப் பதிப்பு என்ற குறிப்பு இல்லை. அது வேகமாக ஓடியது என்பதைத் தவிர அதைப் பற்றி யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது.

படி 6: ரெஸ்யூமே

ஒரே பக்கம். மேலே புராஜெக்டும் கிட்ஹப் இணைப்பும், அடுத்து ஆய்வக அனுபவம், கடைசியில் படிப்பு. ‘கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றக்கூடியவர்’ வரிகளை எடுத்துவிடுங்கள்.

ஆய்வக வேலையை மென்பொருள்காரனுக்குப் புரியும்படி எழுதுவதுதான் வித்தை. ‘எச்பிஎல்சி, ஜிசி கையாண்டேன்’ என்றால் எச்.ஆரில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘வாரம் இத்தனை பேட்ச் தரவைச் சரிபார்த்தேன், வரம்பு தாண்டிய முடிவு வந்தபோது காரணம் தேடி அறிக்கை எழுதினேன், செயல்முறை ஆவணம் தயாரித்தேன், புதிய மென்பொருள் நிறுவலின்போது பயனர் சோதனையில் இருந்தேன்’ என்று எழுதுங்கள். காரணம் தேடுவது அவர்கள் ஊரில் டீபக்கிங், பயனர் சோதனை அவர்கள் தினம் சொல்லும் சொல். செய்யாததை மட்டும் எழுதாதீர்கள், ஒவ்வொரு வரியையும் கேட்பார்கள்.

படி 7: எங்கே, யாரிடம்

பல பெரிய சேவை நிறுவனங்கள் புதியவர் தேர்வில் பத்தாவது முதல் பட்டம்வரை 60 சதவீதம், நிலுவை அரியர் இல்லாமை, படிப்பு முடித்த வருடம், இடைவெளி இவற்றை வடிகட்டியாக வைத்திருக்கின்றன. படித்து முடித்து நாலைந்து வருடம் ஆனவர் அந்த வாசலில் நின்றால் கணினியே நிராகரித்துவிடும், மனிதக் கண் படாது. இன்னும் கடைசி வருடத்தில் இருக்கும் பி.எஸ்சி. மாணவர்களுக்கு அந்த வாசல் திறந்தே இருக்கிறது. டிசிஎஸ், விப்ரோ போன்றவை பி.எஸ்சி. பட்டதாரிகளுக்கென்றே தேர்வு நடத்துவது வழக்கம். கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலரை நச்சரியுங்கள். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டப் பயிற்சிகளையும் விடாதீர்கள்.

பட்டத்தைப் பெரிதாகப் பார்க்காத நிறுவனங்களும் உண்டு. ஜோஹோ அதற்குப் பெயர் போனது, பள்ளி முடித்தவர்களுக்குத் தானே பள்ளி நடத்தி வேலைக்கு எடுக்கும் நிறுவனம். ஆனால் பட்டம் பார்க்காத இடத்தில் நிரலை நன்றாகவே பார்ப்பார்கள், பேப்பரில் லாஜிக் எழுதிப் பழகிவிட்டுப் போங்கள்.

அனுபவம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது சிறிய, நடுத்தர நிறுவனங்கள். தரமணியிலும் ஓஎம்ஆர் நெடுகிலும், கோவையிலும் முப்பது நாற்பது பேரோடு இயங்கும் மென்பொருள் கம்பெனிகள் நிறைய. அங்கே ரெஸ்யூமேயை மனிதர் படிப்பார். அதைவிட நல்ல வழி, தெரிந்தவர் மூலம் போவது. உங்கள் ஆய்வகத்துக்கு மென்பொருள் நிறுவ வந்தாரே ஓர் இன்ஜினியர், அவர் எண் இன்னும் போனில் இருக்கிறதா? எனக்கு வழி காட்டியவர் அப்படி ஒருவர்தான். “அண்ணே, உங்க கம்பெனில ஆள் எடுக்கிறாங்களா?” என்று கேட்க எனக்கு ஏழு மாதம் கூச்சமாக இருந்தது. கேட்டதும் இரண்டு நாளில் ரெஸ்யூமே வாங்கிக்கொண்டார்.

படி 8: பணம் கேட்டால் எழுந்து வாருங்கள்

‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ பலகைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவது தப்பில்லை, வேலைக்குக் கட்டணம் வாங்குவது மோசடி. பயிற்சி மையத்தில் சேருமுன் போன வருடம் படித்த இரண்டு பேரின் எண்ணைக் கேளுங்கள். தயங்கினால் வந்துவிடுங்கள்.

இன்னொன்று பொய் அனுபவச் சான்றிதழ். ஒரு கன்சல்டன்சியில் என்னிடமே பேசினார்கள்: “மூணு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம், பேஸ்லிப் உள்பட. சம்பளம் டபுள்.” சபலம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நீங்கள் ஆய்வகத்தில் இருந்த மாதங்களில் உங்கள் பிஎஃப் கணக்கில் அந்த ஆய்வகத்தின் பெயர்தான் இருக்கிறது. யூஏஎன் எண்ணை வைத்துப் பின்புலம் சரிபார்ப்பவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். சேர்ந்து ஆறு மாதம் கழித்துப் பிடிபட்டாலும் அன்றே வெளியே.

படி 9: இன்டர்வியூ

“ஏன் மாறுறீங்க?” என்ற கேள்வி நிச்சயம் வரும். ‘சின்ன வயதிலிருந்தே கம்ப்யூட்டர் மேல் ஆர்வம்’ என்று ஆரம்பிக்காதீர்கள், அப்புறம் ஏன் வேதியியல் எடுத்தாய் என்று வரும். பழைய கம்பெனியைத் திட்டாதீர்கள். நாற்பது நிமிடக் கணக்கைப் பற்றிச் சொன்னேன், வேலிடேட் பண்ணாததை ஓட்டக் கூடாது என்று சூப்பர்வைசர் தடுத்ததைச் சொன்னேன். எதிரே இருந்தவர் முதல்முறையாக லேப்டாப்பை மூடிவிட்டு, “அப்ப என்ன பண்ணீங்க?” என்றார். அங்கிருந்து புராஜெக்டுக்குப் போய்விட்டோம்.

நிரல் சுற்றில் பெரும்பாலும் அணி (அரே), சரம் (ஸ்ட்ரிங்), வரிசைப்படுத்தல், எஸ்க்யூஎல் ஜாயின், க்ரூப் பை. தினம் இரண்டு கணக்கு, மூன்று மாதம். கையால் காகிதத்தில் எழுதிப் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரியாததற்கு ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று சொல்லுங்கள். மூன்று இன்டர்வியூக்களில் நான் அளந்து மாட்டிக்கொண்டிருக்கிறேன், ஒன்றில் மல்ட்டி த்ரெடிங் தெரியும் என்றேன். அதை விவரிக்க வேண்டாம்.

படி 10: ஆஃபர் வந்த பிறகு

ஆஃபர் கடிதம் எழுத்தில் கைக்கு வராமல் ராஜினாமா அனுப்பாதீர்கள். வந்ததும் பாண்டு இருக்கிறதா, எத்தனை வருடம், நோட்டீஸ் காலம் முப்பது நாளா தொண்ணூறு நாளா என்று படியுங்கள். பழைய இடத்தில் ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாத பேஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாம் வாங்கிக்கொண்டு சண்டையில்லாமல் வெளியே வாருங்கள். பின்புலம் சரிபார்க்க அவர்களுக்குத்தான் போன் போகும்.

சேர்ந்த இரண்டாவது வாரம் என் முதல் நிரலை ரிவ்யூவுக்கு அனுப்பினேன். அறுபது வரி. பதினேழு கமென்ட் போட்டுத் திருப்பி அனுப்பினார் டீம் லீட், என்னைவிட ஐந்து வயது இளையவர். எம்.எஸ்சி. ஆய்வறிக்கையின் முதல் வரைவு என் வழிகாட்டியிடமிருந்து சிவப்பு மையில் நனைந்து வந்தது ஞாபகம் வந்தது. பதினாறைத் திருத்தினேன். பதினேழாவது, பிழை வந்தால் பழைய வரியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னது. அதற்குக் கீழே, “இது ரிசல்ட் டேபிள் சார், அழிக்கக் கூடாது” என்று மட்டும் பதில் எழுதினேன். சாயங்காலம் அவரே என் இருக்கைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “ஏன்னு கொஞ்சம் சொல்லுங்க” என்றார்.